கசிவு

பதினோரு வருடமாக அவள் கணக்கை நான்தான் எழுதுகிறேன்.
வின்னிபெக், சார்ஜென்ட் தெரு முனை.
இருபத்திரண்டு சலவை இயந்திரம், பதினான்கு உலர்த்தி,
சில்லறை மாற்றும் பெட்டி ஒன்று, பாதி நாள் பழுது.
முதலாளி: லெதெப்ரஹான் கிதானே.
பிறந்த ஊர்: கெரென், எரித்திரியா.
அதற்கு மேல் வரி அலுவலகம் கேட்பதில்லை,
நானும் கேட்டதில்லை.

முதல் வருடமே கணக்கு உதைத்தது.
தொண்ணூறு பேர் துவைத்ததாகத் தண்ணீர் ரசீது சொல்கிறது,
அறுபது பேர் என்கிறது உண்டியலில் விழுந்த காசு.
நடுவே முப்பது பேர்
வந்து வெளுத்துக்கொண்டு
சுவடில்லாமல் போயிருக்கிறார்கள்.
இது என்ன என்றேன்.
"கசிவு" என்றாள்.
குழாய்க்காரனைக் கூப்பிடச் சொன்னேன்.
சிரித்தபடி காப்பி ஊற்றினாள்,
இஞ்சி தட்டிப் போட்டு, தொண்டை எரியும் அளவுக்கு.

செவ்வாய்க்கிழமை. இரவு பத்துக்கு மேல்.
இயந்திரம் இயந்திரமாகச் சாவி போட்டு
காசு கேட்காதபடி அவற்றின் வாயை அடைக்கிறாள்.
இது எனக்குத் தெரிய
மூன்று வரிக்காலம் ஆனது.

அறநிறுவனமாகப் பதிவு செய்யுங்கள், வரி குறையும் என்றேன்.
"படிவத்தில் என்ன கேட்பார்கள்?"
எத்தனை பேர், யார் யார், என்ன நிலைமை.
"பெயரைக் கேட்டால்
சட்டையைக் கழற்ற மாட்டார்கள்.
கசிவு என்றே எழுது."

புனிதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
உலர்த்திக்குள் பனிச்சப்பாத்தைப் போட்டவனை
திக்ரிஞ்ஞாவில் அவள் வெளுத்து வாங்கியது
எதிர்க்கடை வரைக்கும் கேட்டதாம்.
உண்டியலை யாரோ உடைத்த வாரம்
என்னோடுகூடப் பேசவில்லை.
அந்தச் செவ்வாயும் கடை திறந்திருந்தது.

லுவாம், அவள் மகள், மருந்தகத்தில் வேலை,
எனக்குத்தான் போன் செய்வாள்:
"வீட்டுக் கூரை ஒழுகுகிறது.
அம்மா வாளி வைத்துக்கொண்டு தூங்குகிறாள்.
எண்களைக் காட்டிச் சொல்லுங்கள்,
எண்கள் சொன்னால் கேட்பாள்."
காட்டினேன்.
கண்ணாடி போட்டுக்கொண்டு முழுதும் படித்தாள்.
பிறகு, யாருடைய கதையையோ போல:
"கார்ட்டூமில் ஒரு வருடம் எனக்கு ஒரே உடை.
துவைத்தால், காயும்வரை
கதவுக்குப் பின்னால் நிற்க வேண்டும்.
கார்ட்டூமில் சீக்கிரம் காய்ந்துவிடும்.
இங்கே வெளியே என்ன, மைனஸ் முப்பதா?"
முப்பத்து நான்கு என்றேன்.
கணக்கன் வேறென்ன சொல்வான்.

ஜனவரியில் ஓர் இரவு
கார் உறைந்து, அவள் கடை வாசலில் நின்றுபோனது.
செவ்வாய் என்பது உள்ளே போன பிறகுதான் உறைத்தது.
கண்ணாடியெல்லாம் ஆவி.
வரிசையாக மனிதர்கள்
வட்ட ஜன்னல்களுக்குள் தம் துணி சுழல்வதைப்
பார்த்துக்கொண்டிருந்தார்கள், வாய் திறக்காமல்.
தாடிக்காரர் ஒருவர்
எவரும் தேடி வராத குளியல் அங்கி ஒன்றில்,
இளஞ்சிவப்பு, பூப்போட்டது,
கால்மேல் கால் போட்டு அமர்ந்திருந்தார்
நீதிபதி மாதிரி.

லெதெப்ரஹான் என்னைப் பார்த்தாள்.
வா என்றுகூடச் சொல்லவில்லை.
வெந்து வந்த படுக்கை விரிப்பின்
இரண்டு முனையை என் கையில் திணித்தாள்,
மற்ற இரண்டை அங்கிக்காரர் கையில்.
விரிப்பு மடிக்க இரண்டு பேர் வேண்டும்.
அவர் ஒரு எட்டு வைத்தார்,
நான் ஒரு எட்டு வைத்தேன்,
முனையோடு முனை வந்து சேர்கையில்
அவர் விரல் பட்டது. சூடாக இருந்தது.
"இன்னும் இறுக்கிப் பிடி" என்றார் என்னிடம்.
பதினெட்டு விரிப்பு மடித்தோம்.
பெயர் கேட்க நினைத்து, கேட்காமல் விட்டேன்.

இந்த வருடக் கசிவு
ஏழாயிரத்து நானூற்றுப் பத்து டாலர்.
அந்தச் சொல்லின் கீழே மென்பொருள்
இன்னமும் சிவப்புக் கோடு போடுகிறது.
கூரைக்குக் காசு சேரவில்லை.
லுவாம் இரண்டு முறை அழைத்துவிட்டாள்,
நான் எடுக்கவில்லை.

சோப்புத்தூள் இருப்பில் ஆறு பெட்டி கூடுதலாக இருக்கிறது,
ரசீது இல்லை.
அதை எப்படி எழுதுவதென்று
எனக்கே தெரியவில்லை.